ஒன்பது வயதுக்கு எட்டு டோர்னமென்ட்

ஒரு பெற்றோர் கேட்டிருப்பது இது: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். சாக்கர், அதாவது கால்பந்து ஆடும் 9 வயது மகள் இந்த வருடம்தான் ஊருக்குள்ளேயே ஜாலியாக ஆடும் ரெக் லீகிலிருந்து, வெளியூர் டீம்களோடு ஆடும் டிராவல் டீமுக்கு மாறியிருக்கிறாள். மேனேஜர் அனுப்பிய அட்டவணையில் மார்ச் முதல் நவம்பர் வரை 8 டோர்னமென்ட், லீக் மேட்ச்கள் தனி. அதில் மூன்றுக்கு ஹோட்டலில் தங்க வேண்டும். இத்தனை தேவையா, சிலதை விட்டால் டீமில் இடம் போய்விடுமா?

தேவையில்லை. இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு போதும், பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்டால் மூன்று. இடம் போய்விடுமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன், அது கொஞ்சம் வளைந்து நெளிந்த பதில்.

முதலில் என் கதை. இதே மாநிலத்தில் ஒரு டவுன் கிளப்பில் ஒன்பது வருடம் இருந்தேன். மகள் டீமுக்கு வாலண்டியர் கோச், அப்புறம் மேனேஜர், நடுவில் ரெஃப்ரி கோர்ஸ் முடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் விசில், கடைசி மூன்று வருடம் எங்கள் கிளப்பே நடத்திய டோர்னமென்டின் கமிட்டியில். ஆக, நீங்கள் அலுத்துக்கொள்ளும் இந்தக் கூத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து நடத்தியவர்களில் நானும் ஒருவன். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இத்தனை டோர்னமென்ட் முளைப்பதற்குக் கால்பந்து சம்பந்தப்பட்ட காரணம் ரொம்பக் குறைவு.

உங்கள் மகள் வயதில் ஏழு பேர் ஆட்டம். நாலு டீம் ஒரு குரூப், எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 6 மேட்ச், ஒரு ஃபைனல், மொத்தம் 7. இந்த வயதுக்கு ஒரு மேட்சுக்கு ஒரு ரெஃப்ரி போதும், 60 டாலர் என்று வைத்தாலும் 420தான். முதல் இரண்டு டீமுக்கு மெடல், நூறு டாலருக்குள் முடிந்துவிடும். மைதானம் டவுனுடையது, வாடகை என்ற பெயரில் கொஞ்சம் போகும். இன்ஷூரன்ஸ், மொபைல் டாய்லெட், ஆன்லைன் பதிவுக்கான சாஃப்ட்வேர் எல்லாம் மொத்த டோர்னமென்டுக்கும் பொதுச் செலவு. வரவு? டீமுக்கு 850 டாலர் என்றால் அந்த நாலு டீமிடமிருந்தே 3,400. இந்த மாதிரி ஐம்பது குரூப் சேர்ந்தால் என்ன வருகிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மேலே டி-ஷர்ட் கடைக்காரர் தரும் இட வாடகை, சாப்பாட்டு வண்டி, பார்க்கிங். எங்கள் கிளப்பில் ஒரே வார இறுதியில் வந்த பணம்தான் வருடம் முழுக்க வலை, கோல் போஸ்ட், ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்கான உதவி என்று ஓடியது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பக்கத்து டவுன் கிளப்புக்கும் அதே கணக்கு தெரியும், அதற்கடுத்த டவுனுக்கும் தெரியும். நீங்கள் எங்கள் டோர்னமென்டுக்கு வந்தால் நாங்கள் உங்களுடையதற்கு வருவோம் என்ற மொய் எழுதும் வழக்கம் வேறு. மெமோரியல் டே, லேபர் டே, கொலம்பஸ் டே என்று நீண்ட வார இறுதி எது வந்தாலும் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து டோர்னமென்ட் நடப்பது இப்படித்தான்.

ஹோட்டல் தங்கலோடு வருபவை இன்னொரு ரகம். அவற்றைப் பெரும்பாலும் கம்பெனிகளே நடத்துகின்றன. ஸ்டே டு பிளே என்று ஒரு நிபந்தனை இருக்கும், அதாவது அவர்கள் சொல்லும் ஏஜென்சி மூலமாக, அவர்கள் பட்டியலில் உள்ள ஹோட்டலில்தான் ரூம் போட வேண்டும். உங்களிடம் ஹோட்டல் பாயிண்ட்ஸ் இருக்கிறது, அந்த ஊரில் மாமா வீடு இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் எடுபடாது, டீமின் பதிவே நிற்காது. ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் டோர்னமென்டுக்கு ஒரு பங்கு போகிறது. அந்த ஊர் நகராட்சிக்கும் இதில் சந்தோஷம்தான், ஹோட்டல் வரி வருகிறதே. இண்டியானாவில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊரில் 2014இல் கிராண்ட் பார்க் என்று 31 மைதானங்களும் 26 பேஸ்பால் திடல்களும் உள்ள வளாகத்தையே கட்டினார்கள். வெளியூர்க் குடும்பங்கள் வார இறுதியில் வந்து தங்கிச் செலவு செய்வார்கள் என்பதுதான் அதன் அடிப்படையே. அவ்வளவு மைதானத்தைக் கட்டிவிட்டு ஒரு வாரம்கூடக் காலியாகப் போட மாட்டார்கள் இல்லையா.

உங்கள் பக்கக் கணக்கு என்ன? டீம் கட்டணத்தில் உங்கள் பங்கு 80, இரண்டு இரவு ரூம் வரியோடு 400, சாப்பாடு, பெட்ரோல், டோல், கோச்சின் தங்கும் செலவில் பங்கு எல்லாம் சேர்த்தால் ஒரு வெளியூர் டோர்னமென்டுக்கு 650, 700 டாலர் போய்விடும். ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2024இல் பெற்றோர்களிடம் எடுத்த கணக்கில் ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு வருடம் முழுவதும் செலவழிப்பது சராசரியாக 1,016 டாலர், 2019ஐ விட 46 சதவீதம் அதிகம். உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்று ஹோட்டல் டோர்னமென்டே அதைத் தாண்டிவிடும், கிளப் ஃபீஸைச் சேர்க்காமலே.

சரி, பணம் போனால் போகட்டும், பிள்ளை ஆட்டம் கற்றுக்கொள்கிறாளே என்பீர்கள். எனக்கு வருத்தமே அந்த இடத்தில்தான்.

உங்கள் டீமில் 12 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் மைதானத்தில் 7 பேர். இந்த வயதில் மேட்ச் 25 நிமிடமாக இரண்டு பாதி, 50 நிமிடம். எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 29 நிமிடம் வரும். ஆனால் டோர்னமென்டில் யார் சமமாகப் பிரிக்கிறார்கள்? கோல்கீப்பர், நடுவில் ஆடும் உயரமான பெண், வேகமாக ஓடும் ஒரு ஃபார்வர்ட் என மூன்று பேரை வெளியே எடுக்கவே மாட்டார்கள். மிச்சம் நாலு இடத்தை ஒன்பது பேர் பங்கு போட வேண்டும், ஆளுக்கு 22 நிமிடம். அதிலும் கோச் பதற்றத்தில் இருந்தால் கடைசி மூன்று பிள்ளைகளுக்கு 10, 12தான். மூன்று மேட்ச் ஆடி ஃபைனலுக்குப் போகாமல் திரும்பும் வார இறுதியில் அந்தப் பிள்ளை மொத்தம் அரை மணி நேரம் ஆடியிருப்பாள். அந்த அரை மணியில் பந்து அவள் காலில் இருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. இதற்கு நாலு மணி நேரம் கார் ஓட்டி, இரண்டு இரவு தங்கி, திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிய வேண்டும்.

மறுபக்கம் அந்த உயரமான பெண். சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு காலை ஒன்று, ஜெயித்தால் மதியம் ஃபைனல். 200 நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வில்லாமல். இங்கே பிள்ளைகளின் சாக்கரை நடத்தும் அமைப்பான யூஎஸ் யூத் சாக்கரின் மாநில டெக்னிக்கல் டைரக்டர்கள் கூடி வெளியிட்ட நிலைப்பாடு ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது. 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நாளொன்றுக்கு 100 நிமிடத்துக்கு மேல் ஆடக்கூடாது, 13க்கு மேல் 120 நிமிடம். மேட்ச்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி வேண்டும் என்றும், அளவுக்கு மீறின டோர்னமென்ட் பிள்ளைகளின் வளர்ச்சியையும் ஆர்வத்தையும் கெடுக்கும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். 50 நிமிட மேட்ச் இரண்டு என்றால் சரியாக 100, விளிம்பில் நிற்கிறது. மழையால் அட்டவணை குலைந்து ஒரே நாளில் மூன்று வைத்தால் மீறியாயிற்று, அப்படி வைக்காத டோர்னமென்டை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரியவர்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்களேன், 2026 உலகக் கோப்பையில் ஃபைனல் வரை போகும் அணிக்கு 39 நாளில் 8 ஆட்டம். நம் பிள்ளைக்கு இரண்டு நாளில் நாலு.

ஆகவே ஒரே டீமில் ஒரு பிள்ளை உடம்பு நோக ஆடுகிறது, இன்னொன்று உட்கார்ந்தே வார இறுதியைக் கழிக்கிறது. இரண்டு அப்பாக்களும் ஒரே பணம் கட்டியிருக்கிறார்கள். இதை நான் கோச்சாக இருந்த வருடங்களில் நானே செய்திருக்கிறேன். அரையிறுதியில் 1-1 என்று இருக்கும்போது பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் அடுத்த வருடம் நீச்சலுக்குப் போய்விட்டாள், எனக்கு இன்றும் உறுத்தும்.

புள்ளி போடும் முறையையும் பாருங்கள். நிறைய டோர்னமென்டில் 10 புள்ளி முறை இருக்கிறது. ஜெயித்தால் 6, டிரா என்றால் 3, ஒரு கோலுக்கு 1 வீதம் அதிகபட்சம் 3, கோல் வாங்காமல் முடித்தால் 1. யோசித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும், மூன்றுக்கு மேல் கோல் போட்டு அடுத்த டீமை அவமானப்படுத்த வேண்டாம் என்பது நோக்கம். நடப்பது என்ன? 3-0 என்று முன்னால் இருக்கும்போதுதான் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளை இறக்க நல்ல நேரம். ஆனால் அந்தக் கடைசி ஒரு புள்ளி போய்விடுமே என்று கோச் நல்ல டிஃபெண்டரையும் கீப்பரையும் கடைசி விசில் வரை எடுக்க மாட்டார்.

அப்புறம் பில்ட்-அவுட் லைன், பெனால்டி கட்டத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போடும் ஒரு கோடு. 9, 10 வயதில் கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிர் டீம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும், கீப்பர் பந்தைக் கையிலிருந்து உதைக்கக் கூடாது. கீப்பரிடமிருந்து சின்னச் சின்னப் பாஸாகப் பந்தை மேலே கொண்டுவரப் பழக வேண்டும் என்பதற்காக வந்த விதி. லீகில் ஓரளவு நடக்கிறது. டோர்னமென்டில் அந்தப் பாஸ் ஒன்று தப்பினால் கோல், கோல் என்றால் புள்ளி போச்சு, அதனால் கோச் கையைக் காட்டுவார், கீப்பர் பந்தைத் தரையில் வைத்து ஓங்கி ஒரு உதை விடுவாள். விதிப்படி சரிதான். எட்டு டோர்னமென்டில் முப்பது மேட்ச் இப்படி ஆடிய பிள்ளைக்கு நன்றாக வருவது என்ன? பந்தைத் தூரமாக உதைப்பது.

இன்னொன்றும் யாரும் கவனிப்பதில்லை. சனிக்கிழமை 9 மணி மேட்சில் டீம் இடது பக்கம் திரும்பத் திரும்பப் பந்தைப் பறிகொடுக்கிறது. லீக் மேட்ச் என்றால் செவ்வாய்க்கிழமை பிராக்டீஸில் அதைச் சரிசெய்யலாம். டோர்னமென்டில் அடுத்த மேட்ச் 1.30 மணிக்கு, அதே தப்பு, ஞாயிறு காலை மறுபடி அதே தப்பு. பள்ளிக்கூடத்தில் பாடமே நடத்தாமல் வாரம் மூன்று பரீட்சை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. போதாததற்கு, டோர்னமென்ட் முடிந்த வாரம் பிள்ளைகள் களைத்துப்போய் இருக்கிறார்கள் என்று பிராக்டீஸை ரத்து செய்வார்கள், முன் வாரம் அடிபட்டுவிடக் கூடாது என்று லேசாக வைப்பார்கள். ஒரு டோர்னமென்ட் விழுங்குவது ஒரு வார இறுதியை மட்டும் என்று நினைக்காதீர்கள், இரண்டு வாரத்துப் பயிற்சியையும் சேர்த்து விழுங்குகிறது. எட்டு என்றால் சீசனில் பாதி.

உடம்பு விஷயம். என் மகளுக்கு 11 வயதில் குதிகால் வலி வந்தது. காலையில் நொண்டுவாள், மைதானத்தில் இறங்கினால் ஓடுவாள், இரவு அழுவாள். நான் ஷூவைக் குறை சொல்லி இரண்டு ஜோடி மாற்றினேன். டாக்டர் ஒரே நிமிடத்தில் சொன்னார், செவர்ஸ் என்று. குதிகால் எலும்பில் வளரும் பகுதி ஒன்று இருக்கிறது, வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் ஓட்டமும் குதிப்பும் அதிகமானால் பின்னங்கால் தசைநார் அதைப் பிடித்து இழுத்து நோக வைக்கும். சாக்கர் ஆடும் பிள்ளைகளிடம் சர்வ சாதாரணம். மருந்து என்னவென்றால் ஓய்வு, குதிகாலுக்கு ஒரு மெத்தை, மறுபடி ஓய்வு. நாங்கள் அந்த வசந்த காலத்தில் 5 டோர்னமென்ட் போயிருந்தோம். முழங்காலுக்குக் கீழே வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் வலியும் இதே மாதிரிதான். பெண் பிள்ளைகள் என்றால் பருவ வயதிலிருந்து முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிவது பையன்களைவிட அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைக் குறைக்கத்தான் ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற வார்ம்-அப் இருக்கிறது, முழுசாகச் செய்ய 20 நிமிடம் ஆகும். டோர்னமென்டில் அதே மைதானத்தில் வேறு டீம்களின் மேட்ச் முடிந்து ஐந்து நிமிடத்தில் அடுத்த விசில், பக்கத்தில் வார்ம்-அப் செய்ய இடமும் கிடையாது. கார் பார்க்கிங்கில் நாலு ஓட்டம் ஓடிவிட்டு இறங்குவார்கள்.

விளையாட்டு மருத்துவர்கள் மத்தியில் ஒரு எளிய அளவு புழங்குகிறது: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைத்த பயிற்சியும் ஆட்டமும் வேண்டாம். உங்கள் மகளுக்கு 9 மணி நேரம். டோர்னமென்ட் வாரத்தைக் கூட்டிப் பாருங்கள், ஒன்றரை மணி நேரப் பிராக்டீஸ் இரண்டு, மேட்ச் நாலு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அரை மணி வரச் சொல்வார்கள். எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வாரத்தில் ஒரு பரத வகுப்போ நீச்சலோ இருந்தால் முடிந்தது கதை. குழந்தை மருத்துவர்களின் அமெரிக்க அகாடமி இன்னொன்றும் சொல்கிறது: வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு, ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது விடுப்பு. மார்ச் முதல் நவம்பர் வரை உங்கள் பட்டியல், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இண்டோர் லீக் என்று அடுத்த மெயில் வரும் பாருங்கள், அந்த விடுப்பு எங்கே போயிற்று?

தரவரிசை, ஸ்காலர்ஷிப் பற்றி மற்ற அப்பாக்கள் சைட்லைனில் நின்று சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தரவரிசை ஒரு காலத்தில் டோர்னமென்டில் எடுக்கும் புள்ளியை வைத்தே போடப்பட்டது, பெரிய டோர்னமென்ட் என்றால் அதிகப் புள்ளி, அதனால் டீம்கள் புள்ளியைத் துரத்தி ஊர் ஊராக ஓடின. இப்போது கோல் வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடும் ஆப்கள் வந்துவிட்டன, வியாதி போகவில்லை. ஒன்பது வயது டீம் மாநிலத்தில் 43ஆவது இடமா 61ஆவது இடமா என்று பார்ப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி, பார்ப்பவருக்கு ஒரு திருப்தி. ஸ்காலர்ஷிப்புக்கு வந்தால், கல்லூரி விளையாட்டின் மேல் அடுக்கான டிவிஷன் 1இல் கோச்சுகள் பிள்ளையோடு நேரடியாகப் பேசவே பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும். ஆள் பார்ப்பதற்கென்றே நடக்கும் ஷோகேஸ் டோர்னமென்டில் அவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுப்பது 15, 16 வயது மேட்ச்களில். அந்த வயதில் ஷோகேஸுக்கு அர்த்தம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் பெரிய கனவு வேண்டாம். 2025 வரை டிவிஷன் 1 பெண்கள் அணி ஒன்றுக்கு மொத்தமே 14 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9, அதையும் இருபது முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. ஒன்பது வயதில் வாங்கிய மெடலை எந்தக் கோச்சும் கேட்டதில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால் நார்வேயில் பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் என்றே ஒரு சாசனம் இருக்கிறது. 11 வயதுக்குக் கீழ் புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் வெளியிடக் கூடாது, 13 வயது ஆகும் வருடம் வரை தேசிய அளவுச் சாம்பியன்ஷிப் கிடையாது. கோல் அடித்துக் குவிக்கும் எர்லிங் ஹாலண்ட் உருவான நாடு அது, இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து சின்ன வயதினருக்கு லீக் அட்டவணையையே எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கு இரண்டு பேர், மூன்று பேருக்கு மூன்று பேர் என்று சின்ன கோல் வைத்து ஒரே நாளில் நிறையக் குட்டி ஆட்டம் ஆடும் விழா மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். ஜெயித்தால் அடுத்த மைதானம், தோற்றால் முந்தின மைதானம், அதனால் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தங்கள் தரத்துக்குச் சமமானவர்களோடு ஆடுவார்கள். அங்கேயும் ஒரே நாளில் பல ஆட்டம்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் பெஞ்ச் என்பது பேருக்குத்தான், மூன்று பேர் ஆட்டத்தில் பந்து காலுக்கு வராமல் எங்கே போகும்? கோப்பையும் இல்லை, ஹோட்டலும் இல்லை.

இதற்கு மேல் டோர்னமென்டைத் திட்டினால் பொய்யாகிவிடும். என் மகளுக்கு இப்போது 19 வயது, அந்தக் காலத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் ஒரு மேட்சின் ஸ்கோரும் சொல்ல மாட்டாள். ஹோட்டல் நீச்சல்குளம், காரிடாரில் ஓடி மேனேஜரிடம் திட்டு வாங்கியது, பன்னிரண்டு பேரும் ஒரே ரூமில் பீட்சா தின்றது எல்லாம் நிமிடம் பிசகாமல் சொல்வாள். ஒரு தடவை நாலு மணி நேரம் ஓட்டிப்போன ஒரு டோர்னமென்டில் இடி மின்னல். ஒவ்வொரு மின்னலுக்கும் 30 நிமிடம் காரில் உட்கார வேண்டும். கடைசியில் ஒரே ஒரு மேட்ச் முழுசாக நடந்தது, மற்ற இரண்டையும் கொட்டும் மழையில் பெனால்டி கிக் வைத்து முடித்துவிட்டார்கள், பணம் திருப்பித் தர மாட்டோம் என்று முதலிலேயே விதியில் எழுதியிருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல். அவளுக்கு வாழ்நாளில் அதைப் போல ஒரு சனிக்கிழமை இல்லையாம். அதனால்தான் பூஜ்யம் என்று சொல்லாமல் இரண்டு என்றேன். அந்த சந்தோஷத்துக்கு வருடத்தில் ஒரு ஹோட்டல் பயணம் போதும், எட்டு தடவை போனால் பிள்ளைக்கே அது ஆபீஸ் டூர் மாதிரி ஆகிவிடும்.

மொன்டானாவிலோ வயோமிங்கிலோ இருந்து கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே அடுத்த நல்ல டீம் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும், டோர்னமென்ட் ஒன்றில் மூன்று மேட்ச் சேர்த்து ஆடுவது புத்திசாலித்தனம். நியூ ஜெர்சியில் அரை மணி நேரச் சுற்றளவில் உங்கள் மகள் டீமைத் தோற்கடிக்கத் தயாராக இருபது டீம் இருக்கிறது. கூடுதல் போட்டி வேண்டுமென்றால் பக்கத்து டவுன் கோச்சுக்கு ஒரு போன் போட்டு ஒரு ஸ்க்ரிமேஜ், அதாவது பயிற்சி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம், பைசா செலவில்லை, பன்னிரண்டு பேரும் ஆடலாம்.

எந்த இரண்டு என்றால், ஆகஸ்ட் கடைசியிலோ லேபர் டேயிலோ வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒன்று, சீசனுக்கு முன்னால் டீமைப் பார்த்துக்கொள்ள உதவும். மே மாதம் மெமோரியல் டேயில் ஜாலிக்கு ஒன்று, அது தங்கும் பயணமாகவே இருக்கட்டும். நவம்பரில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள், குளிரில் விறைத்த காலோடு ஆடி யாரும் எதையும் கற்றதில்லை. பணம் கட்டும் முன் மேனேஜரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மேட்ச், நம் கோச்சே வருவாரா, எல்லாருக்கும் பாதி மேட்சாவது ஆட வாய்ப்பு உண்டா. இரண்டாவது கேள்வி முக்கியம், ஏனென்றால் பெரிய கிளப்களில் ஒரே கோச்சுக்கு மூன்று டீம் இருக்கும், ஒரே நாளில் மூன்று ஊரில் மேட்ச் விழும், உங்கள் பிள்ளையைப் பெயர் தெரியாத யாரோ ஒருவர் அந்த வார இறுதிக்கு மட்டும் பார்த்துக்கொள்வார்.

இனி இடம் போய்விடுமா என்பது. சில கிளப்களில் போகும், பூசி மெழுக விரும்பவில்லை. கமிட்மென்ட் இல்லை என்பார்கள், அடுத்த வருட டீமுக்கு ஆள் எடுக்கும் மே மாத ட்ரையவுட்டில் இரண்டாவது டீமுக்குத் தள்ளுவார்கள். ஆனால் பெரும்பாலான கிளப்களில் உங்கள் ஃபீஸ் இல்லாமல் டீம் ஓடாது, ஒன்பது வயதில் ஒரு பிள்ளையை இழக்க யாருக்கும் விருப்பம் இருக்காது. எப்படிச் சொல்கிறீர்கள், எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. டோர்னமென்டுக்கு முந்தின புதன்கிழமை சொன்னால் நான் மேனேஜராக இருந்தபோது எனக்கே கோபம் வரும், ஆள் குறைந்து வேறு டீமிலிருந்து கெஸ்ட் பிளேயர் தேடி அலைய வேண்டும். ஜனவரியிலேயே, பதிவுப் பணம் கட்டும் முன், இந்த வருடம் நாங்கள் இன்னின்ன இரண்டுக்கு மட்டும் வருவோம், எல்லா லீக் மேட்சுக்கும் பிராக்டீஸுக்கும் தவறாமல் வருவாள் என்று ஒரு மெயில் எழுதிவிடுங்கள். அதோடு மற்ற அம்மா அப்பாக்களிடம் தனித்தனியாகப் பேசிப் பாருங்கள். எங்கள் டீமில் நான் ஆறு குடும்பத்திடம் பேசினேன், ஐந்து பேர் மற்றவர்கள் எல்லாம் போக ஆசைப்படுகிறார்கள் போல என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தார்கள். அடுத்த வருடம் எட்டு மூன்றாகிவிட்டது, கிளப் ஒன்றும் இடிந்து விழவில்லை.

விட்ட வார இறுதிகளில் என்ன செய்வது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் வளர்ந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். வருடத்துக்கு ஒரு டோர்னமென்ட், அதற்கு ஊரே கூடும், மற்ற நாளெல்லாம் மணலில் செருப்பைக் கோல் போஸ்டாக வைத்து இருட்டும்வரை ஆட்டம், கோச் கிடையாது, பெஞ்சும் கிடையாது. இங்கே அதை அப்படியே கொண்டுவர முடியாதுதான். ஆனால் இரண்டு மடக்கு கோல் நாற்பது ஐம்பது டாலருக்குக் கிடைக்கும். பக்கத்து பார்க்கில் ஞாயிறு காலை டீமிலிருந்து ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து, தம்பி தங்கைகளையும் இறக்கிவிட்டு, நீங்கள் ஒரு காபியோடு தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். சத்தம் போட்டு ஐடியா எதுவும் கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம், எனக்கு அதைப் பழகவே ஒரு சீசன் ஆயிற்று.